ஆர்கஸ்: சிதறிய கணினிகளுக்கு ஒரு மொழி

போஸ்ரன் நகரிலே ஒரு வங்கிக் கிளை உண்டு. அதே வங்கிக்கு நியூயோர்க் நகரிலும் ஒரு கிளை உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு கணினி கணக்குகளைக் காத்து வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். போஸ்ரனில் வாழும் தந்தை ஒருவர், தம் கணக்கிலிருந்து நூறு டொலரை நியூயோர்க்கிலுள்ள மகளின் கணக்குக்கு மாற்றும்படி கேட்கிறார். போஸ்ரன் கணினி அவருடைய கணக்கிலே நூறு டொலரைக் கழிக்கின்றது. பின்னர், “மகளின் கணக்கிலே நூறு டொலரைச் சேர்” என்று நியூயோர்க் கணினிக்குச் செய்தி அனுப்புகின்றது. விடை வரவில்லை.

என்ன நடந்திருக்கக் கூடும்? செய்தி வழியிலே தொலைந்திருக்கலாம். செய்தி போய்ச் சேர்ந்த பின்னர், பணத்தைச் சேர்க்குமுன் நியூயோர்க் கணினி நின்றுபோயிருக்கலாம். பணத்தைச் சேர்த்து விடையும் அனுப்பிய பின்னர் அந்த விடை தொலைந்திருக்கலாம். அல்லது ஒன்றுமே கெடாமல், நியூயோர்க் கணினி வேலை மிகுதியாலே தாமதித்திருக்கலாம். இந்த நான்கு நிலைகளும் தம்முள் முற்றிலும் வேறானவை. ஆயினும் போஸ்ரனிலிருந்து பார்க்கும்பொழுது நான்கும் ஒன்றுபோலவே தோன்றும்; நான்கிலும் காணப்படுவது மௌனம் ஒன்றே. செய்தியைத் திரும்பவும் அனுப்பினால் மகளுக்கு இருநூறு டொலர் போய்ச் சேரக்கூடும். அனுப்பாது விட்டாலோ தந்தையின் நூறு டொலர் காற்றிலே கரைந்துபோகக்கூடும்.

இந்த மௌனத்தை ஒரு நிரலாக்க மொழியினாலே வெல்லலாமா என்று முயன்றவர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அம்மொழியின் பெயர் ஆர்கஸ். அது பிறந்த இடம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம். அதனைப் படைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பார்பரா லிஸ்கொவ் என்னும் பெண்மணி.

கணினி ஒன்று தனித்திருந்த காலத்திலே இந்த இடர் தோன்றவில்லை. தனிக் கணினி கெட்டால் முழுவதும் கெடும்; வேலை நிற்கும்; மறுபடி தொடங்க வேண்டும். அதிலே துன்பம் உண்டு, குழப்பம் இல்லை. 1969ஆம் ஆண்டிலே ஆர்ப்பாநெற் என்ற வலையமைப்பு தொலைவிலுள்ள கணினிகளை இணைத்தது. 1973ஆம் ஆண்டிலே சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்திலே ஈதர்நெற் தோன்றி, ஒரே கட்டடத்துக் கணினிகளையும் பிணைத்தது. அதன்பின் ஒரு வேலையைப் பல கணினிகள் பங்கிட்டுச் செய்யும் வழி திறந்தது. அவ்வழியோடு புதுவகைக் கேடும் வந்து புகுந்தது: பாதி கெட்டு, மீதி தன் வேலையைத் தொடரும் கேடு. தாம் கேள்விப்பட்டேயிராத ஏதோ ஒரு கணினி கெட்டுப்போனதாலே தம் சொந்தக் கணினியும் பயன்படாமற் போவதுதான் பரவிய அமைப்பு என்று லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் 1987ஆம் ஆண்டிலே வேடிக்கையாகச் சொல்லி வைத்தார். வேடிக்கைதான்; ஆயினும் அதைவிடத் திருத்தமான வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது.

லிஸ்கொவ் அம்மையார் 1939ஆம் ஆண்டிலே பிறந்தவர். கணிதம் பயின்று பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்காகப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தை அணுகியபொழுது, அங்கே பெண்களைப் பட்டப்பின் மாணவராகச் சேர்ப்பதில்லை என்ற விடை கிடைத்தது. சில ஆண்டுகள் நிரல் எழுதும் பணியிலே இருந்துவிட்டு, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே ஜோன் மக்கார்த்தியிடம் பயின்று, சதுரங்க ஆட்டத்தின் இறுதிக்கட்டங்களைக் கணினி ஆடுவது பற்றி ஆராய்ந்து 1968ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலே கணினி அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்களுள் அவர் ஒருவர். 1972ஆம் ஆண்டு முதல் மசாசூசெற்ஸ் நிறுவனத்திலே ஆசிரியப் பணி ஏற்றார்.

அங்கே 1970களிலே அவரும் மாணவர்களும் குளூ என்ற மொழியை உருவாக்கினர். ஒரு பொருளை அதன் உட்பிரிவுகளால் அன்றி, அதன்மேல் செய்யத்தகும் செயல்களால் அறிதல் என்பதே அம்மொழியின் உயிர்நாடி. ஒரு கணக்கு எவ்வாறு கணினியின் உள்ளே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றது என்பதை வெளியார் அறிய வேண்டியதில்லை. பணம் இடுதல், எடுத்தல், மீதி கேட்டல் ஆகிய வாயில்களை மட்டும் அறிந்தாற் போதும். இன்று இது சிறுவர்க்கும் தெரிந்த பாடம். அந்நாளிலே இது வாதிட்டு நிலைநாட்ட வேண்டிய கொள்கையாக இருந்தது.

குளூ நிறைவெய்திய பின்னர், 1970களின் இறுதியிலே, அவர் மனம் பரவிய நிரல்களின் பக்கம் திரும்பியது. 1982ஆம் ஆண்டிலே அவரும் றொபேட் ஷைஃப்ளர் என்பவரும் காவலர்களும் வினைகளும் பற்றிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். ஆர்கஸ் மொழியின் கருத்துருவம் அவ்வுரையிலே முழுமையாகக் காணப்படுகின்றது. கிரேக்கப் புராணத்திலே ஆர்கஸ் என்பவன் நூறு கண் படைத்த காவலன். சில கண்கள் உறங்கும்பொழுது மற்றைய கண்கள் விழித்திருக்குமாம். சில கணினிகள் வீழ்ந்தாலும் மற்றையவை விழித்திருக்க வேண்டிய ஓர் அமைப்புக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைப்பது அரிது.

மொழியின் அடிப்படைச் சொற்கள் இரண்டு. ஒன்று காவலன், மற்றையது வினை. காவலன் என்பது ஒரு கணினியிலே வாழும் நிரற்கூறு. அது தனக்கென்று சில தரவுகளைக் காத்து நிற்கும். வெளியே உள்ளவர் அத்தரவுகளை நேரே தொட முடியாது. காவலன் திறந்து வைத்த வாயில்களை அழைத்தே எதனையும் பெறலாம். குளூவின் கொள்கை இங்கே ஒரு கணினியின் எல்லையைத் தாண்டிச் செல்வதைக் காண்கிறோம். காவலனின் தரவுகள் இரு வகைப்படும். நிலைத்தவை என்று நிரலர் குறித்தவை வட்டிலே எழுதப்பட்டு, கணினி வீழ்ந்தாலும் மீளும். மற்றையவை வீழ்ச்சியோடு மறையும்; அவற்றை மீண்டும் கட்டியெழுப்பும் கட்டளைகளை நிரலர் எழுதி வைக்கலாம். கணினி எழுந்ததும் அமைப்பு முதலிலே நிலைத்த தரவுகளை மீட்டுக் கொடுக்கும். பின்னர் காவலன் தன் மீட்புக் கட்டளைகளை நடத்தி வாயில்களைத் திறக்கும்.

இரண்டாவது சொல்லாகிய வினை என்பது பிளவுபடாத செயல். ஒன்றில் அது முழுவதும் நிறைவேறும். அன்றேல் தொடங்கவே இல்லை என்னும்படி அடியோடு மறையும். இடைநிலை என்பது எவர் கண்ணுக்கும் புலப்படாது. போஸ்ரனிலே கழித்தலும் நியூயோர்க்கிலே சேர்த்தலும் ஒரே வினைக்குள் அடங்கினால், ஒன்று நடந்து மற்றது நடவாதிருத்தல் என்பது இல்லாதொழியும். இக்கருத்து ஆர்கஸ் குழுவினரின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. தரவுத்தள ஆய்வாளர்கள், குறிப்பாக ஜிம் கிறே என்பவர், இதனை ஏற்கெனவே வளர்த்திருந்தனர். இதை ஒரு பொது நிரலாக்க மொழியின் இலக்கணத்துக்குள்ளே கொண்டுவந்து, நிரலர் ஒரு சொல்லை எழுதிய அளவிலே கிடைக்கும்படி செய்ததே ஆர்கஸின் புதுமை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. வினைக்குள்ளே உள்வினைகள் அமையலாம். எலியட் மொஸ் என்ற மாணவர் 1981ஆம் ஆண்டிலே தம் கலாநிதி ஆய்வேட்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஆர்கஸிலே ஒரு காவலன் மற்றொரு காவலனின் வாயிலை அழைக்கும் ஒவ்வொரு அழைப்பும் தானாகவே ஓர் உள்வினையாகும். இப்பொழுது பேச்சின் தொடக்கத்திலே விட்டுவந்த மௌனத்துக்குத் திரும்புவோம். நியூயோர்க்கிலிருந்து விடை வரவில்லை. போஸ்ரன் காவலன் அந்த உள்வினையைக் கைவிடுகின்றது. கைவிடப்பட்ட வினையின் விளைவு, அது அங்கே நடந்திருந்தாலும், நடவாததாகவே ஆகிவிடும். ஆதலின் அச்சமின்றி மறுபடி அழைக்கலாம். வேறொரு கணினியை நாடலாம். அல்லது முழு வினையையும் கைவிட்டுத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கலாம். என்ன நடந்தது என்பதைப் போஸ்ரன் கணினி அறியவே இல்லை; அறிய வேண்டிய தேவையையே மொழி நீக்கிவிட்டது. ஆர்கஸிலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

எழுதுகோலால் இவ்வாறு சட்டம் வகுப்பது எளிது. அதனை இயங்கும் பொறியாக்குவது எவ்வாறு? 1987ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரிலே நிகழ்ந்த இயக்கமுறைமை ஆய்வாளர் மாநாட்டிலே லிஸ்கொவ், டொறதி கேர்ற்றிஸ், போல் ஜோன்சன், ஷைஃப்ளர் ஆகிய நால்வரும் இதற்கு விடை கூறினர். ஈதர்நெற்றினால் இணைந்த மைக்ரோவாக்ஸ் கணினிகளின்மீது, யுனிக்ஸ் வகையைச் சார்ந்த அல்ட்ரிக்ஸ் என்னும் இயக்கமுறைமையின்மேல், அவர்கள் ஆர்கஸை நிறுவியிருந்தனர்.

பொருள் ஒன்றை மாற்ற விரும்பும் வினை முதலிலே அதன் பூட்டைப் பெறுகின்றது. பின்னர் பழைய பொருளைத் தொடாமல், அதற்கொரு படி எடுத்துப் படியிலே மாற்றங்களைச் செய்கின்றது. வினை நிறைவேறினால் படி பழையதன் இடத்தைப் பெறும். கைவிடப்பட்டால் படியை எறிந்துவிட்டாற் போதும். பழையது பழுதின்றி இருக்கும். உள்வினை முடிந்தபொழுது எதனையும் வட்டிலே எழுதுவதில்லை. எந்தெந்தக் காவலர் இந்த வினையிலே பங்குகொண்டனர் என்ற பட்டியல் மட்டும் விடைச் செய்தியோடு சேர்ந்து மேலே செல்லும். இடையிலே ஒரு பங்காளியின் கணினி வீழ்ந்தால் அங்கிருந்த பூட்டும் படியும் அழிந்துபோகும். அப்பொழுது முழு வினையும் கைவிடப்பட வேண்டியதுதான். வீழ்ச்சி அரிது, வினைகளோ மிகப் பல; ஆகையால் அரிதானதற்காக ஒவ்வொரு அடியிலும் வட்டை நாடி நேரத்தை இழப்பது கணக்கறியாதவர் செயல் என்பது அவர்கள் முடிவு. அம்முடிவு சரியென்றே நானும் கருதுகிறேன்.

தலைவினை முடியும் தறுவாயிலேதான் உண்மையான சோதனை வருகின்றது. பங்காளர் அனைவரும் ஒருமிக்க நிறைவேற்ற வேண்டும், அன்றேல் ஒருமிக்கக் கைவிட வேண்டும். இதற்கு இருகட்ட உடன்பாடு என்னும் முறை கையாளப்படுகின்றது. ஜிம் கிறே இதனைக் கிறித்தவத் திருமணச் சடங்கோடு ஒப்பிட்டு விளக்குவதுண்டு. குருவானவர் முதலிலே மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார். இருவரும் சம்மதம் சொன்ன பின்னரே மணம் நிறைவேறியதாக அறிவிக்கிறார். அதுபோலவே, தலைவினையின் காவலன் பங்காளர் ஒவ்வொருவரையும் “ஆயத்தமா?” என்று கேட்கும். ஒவ்வொருவரும் தம் புதிய படிகளை வட்டிலுள்ள பதிவேட்டிலே எழுதிவிட்டு “ஆயத்தம்” என்பர். எல்லாரும் அவ்வாறு கூறினால், தலைமைக் காவலன் தன் பதிவேட்டிலே “நிறைவேறுக” என்று ஒரு வரி எழுதும். அந்த ஒரு வரி வட்டிலே பதியும் கணமே முழு வினையும் நிறைவேறும் கணம். அதற்கு முன் மின்சாரம் நின்றால் வினை இல்லை. பின் நின்றால் வினை உண்டு. எழுந்த பங்காளி தன் பதிவேட்டைப் படித்து, தலைமையிடம் கேட்டு, தன் கடமையை முடிக்கும்.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. “ஆயத்தம்” என்று சொல்லிவிட்ட பங்காளி, தலைமையின் முடிவு வரும்வரை தானாக எதையும் தீர்மானிக்க இயலாது. அந்த வேளையிலே தலைமைக் கணினி வீழ்ந்தால், அது எழும்வரை பூட்டுக்களைப் பிடித்தபடி காத்துக் கிடக்க வேண்டியதே. குருவானவர் மயங்கி விழுந்த திருமணத்திலே மணமக்கள் நிற்கும் நிலை அது. (உவமையைத் தந்த ஜிம் கிறே 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகேறிக் கடலிற் சென்றார், திரும்பவில்லை. நண்பர்கள் செய்மதிப் படங்களைப் பெற்று, ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துத் தேடியும் படகின் சுவடு அகப்படவில்லை.)

ஆர்கஸ் அமைப்பாளரை மிகவும் வருத்திய சிக்கல் வேறொன்று. அவர்கள் அதற்கு இட்ட பெயர் அநாதை. போஸ்ரன் காவலன் உள்வினையைக் கைவிட்டுவிட்டது என்றோம். ஆனால் அந்தச் செய்தி நியூயோர்க்கை எட்டாதிருந்தால்? அங்கே அந்த உள்வினை, தன்னைப் பெற்ற வினை தன்னைத் துறந்துவிட்டதை அறியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். அதன் விளைவு என்றுமே நிறைவேறப் போவதில்லை. ஆதலால் சேமித்த தரவுக்குத் தீங்கில்லை. பின் ஏன் கவலை? அது ஒரு பொருளைப் பழைய நிலையிலே கண்டிருக்கலாம். தாய்வினையின் பூட்டுக்கள் விடுபட்ட பின்னர் வேறொரு வினை வந்து, ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இரண்டு பொருள்களையும் மாற்றியிருக்கலாம். அநாதை இப்பொழுது இரண்டாவது பொருளைப் படித்தால் ஒன்று பழையதாகவும் மற்றது புதியதாகவும் இருக்கும். ஒருபோதும் நிகழாது என்று நிரலர் நம்பி எழுதிய நிலை நிகழ்ந்துவிடும். நிரல் முடிவில்லாமல் சுழலலாம். அல்லது திரையிலே ஒருவர்க்குப் பொய்க்கணக்கைக் காட்டலாம். பிழை எங்கே என்று தேடும் நிரலர் தன் நிரலிலே பிழையொன்றும் காணமாட்டார்.

அநாதைகளைக் கண்டு அகற்றுவதற்கு அவர்கள் வகுத்த வழி, ஊர்ச் செய்தி பரவும் வழியை ஒத்தது. கணினிகளுக்கிடையே செல்லும் ஒவ்வொரு செய்தியும், கைவிடப்பட்ட வினைகளின் பட்டியலையும், ஒவ்வொரு காவலனும் எத்தனை முறை வீழ்ந்தெழுந்தது என்ற எண்ணையும் உடன்கொண்டு செல்லும். செய்தியைப் பெறும் காவலன், அதனைத் திறந்து பார்க்குமுன், பட்டியலை நோக்கித் தன்னிடமுள்ள அநாதைகளை அழித்துவிடும். பொருந்தாத தரவை அநாதை காண வேண்டுமாயின் அத்தரவின் செய்தி எவ்வழியிலேனும் வந்தாக வேண்டும். அவ்வழியிலேயே அதன் அழிவுச் செய்தியும் முந்தி வந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் பட்டியல் நாளுக்கு நாள் நீளும். சிறிய செய்தி பெரிய மூட்டையைச் சுமக்க நேரிடும். மூட்டையைச் சுருக்குவதற்கே தனி ஆய்வுகள் எழுந்தன. நான்சி லிஞ்ச், மொறிஸ் ஹெர்லிஹி, வில்லியம் வீல் முதலியோர், இத்தகைய முறைகள் பிழைபடா என்று கணித வழியாலே நிறுவவும் முற்பட்டனர்.

இங்கே ஒரு கிளைக்கதை. பல கணினிகளிலே ஒரே வேளையில் ஓடும் நிரலின் பிழையைத் தேட, பல சாளரங்களை ஒரே திரையிலே பார்க்க வேண்டியிருந்தது. 1984ஆம் ஆண்டிலே ஷைஃப்ளர், ஸ்ரான்போர்ட்டிலிருந்து வந்த டபிள்யூ என்ற சாளர முறையை எடுத்துத் திருத்தி, நெடுங்கணக்கிலே அடுத்த எழுத்தாகிய எக்ஸ் என்பதைப் பெயராக இட்டார். ஜிம் கெற்றிஸ் முதலியோர் அதிலே துணைநின்றனர். எக்ஸ் சாளர முறை யுனிக்ஸ் கணினிகள் எங்கும் பரவி, பல்லாண்டுகளாக இலட்சக்கணக்கானோர் கண்முன் நின்றது. அதன் பதினோராவது வடிவம் வெளிவந்ததும் 1987ஆம் ஆண்டிலேயே. ஆர்கஸைத் திருத்த எடுத்த கருவி ஆர்கஸைவிடப் புகழ்பெற்றது. மாளிகை கட்டச் சாரம் கட்டியவர், சாரத்தின் பெயராலே அறியப்பட்டார் என்க.

ஆர்கஸ் மாளிகையிலே குடியேறியவர் மிகச் சிலரே. கூட்டாக ஆவணம் திருத்தும் அமைப்பு முதலிய சில நிரல்கள் அதிலே எழுதப்பட்டன. வணிக உலகம் அதனை ஏற்கவில்லை. காரணங்களை ஊகிக்க இயலும். புது மொழியைக் கற்று, பழைய நிரல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு வர எந்த வங்கியும் விரும்பாது. பழைய மொழிகளோடு சேர்த்துப் பயன்படுத்தத்தக்க நூலகங்களும் தரவுத்தளங்களும் அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்யத் தொடங்கின. மேலும், எல்லா வேலையும் பிளவுபடா வினையாக இருக்க வேண்டியதில்லை. சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்திலே 1986ஆம் ஆண்டளவில் தொடங்கிய எர்லாங் என்னும் மொழி நேர்மாறான வழியைப் பற்றியது: கெட்டதைச் சாகவிடு, மேற்பார்வையாளன் அதனைப் புதிதாகத் தொடங்கட்டும் என்பது அதன் நெறி. தொலைபேசி நிலையத்துக்கு அது பொருந்தும். ஓர் அழைப்பு அறுந்தால் மறுபடி அழைக்கலாம். தந்தையின் நூறு டொலருக்கு அந்நெறி மட்டும் போதாது. ஆர்கஸை இக்காலத்தார் சிலர் தோல்வி என்று ஒரு சொல்லிலே ஒதுக்குவது இந்த வேறுபாட்டை நோக்காமையால் என்றே எண்ணத் தோன்றுகிறது.

குழுவினர் அடுத்து எங்கே சென்றனர் என்று பார்த்தால் ஆர்கஸ் சென்ற வழியும் தெரியும். காவலனின் கணினி எழும்வரை காத்திருப்பானேன், அதன் பிரதிகளைப் பல கணினிகளிலே வைத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து, பிறையன் ஓக்கி என்ற மாணவரும் லிஸ்கொவ்வும் 1988ஆம் ஆண்டிலே பிரதிகளை ஒத்திசைவோடு காக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். லாம்போர்ட் தனியே கண்ட பாக்சொஸ் என்ற முறையும் அதுவும் உடன்பிறப்புப் போன்றவை. 2012ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனம் விளக்கிய ஸ்பானர் என்னும் உலகளாவிய தரவுத்தளத்திலே, பிரதிக் குழுக்களும் அவற்றிடையே இருகட்ட உடன்பாடும் ஒன்றாக அமைந்திருப்பதைக் காணலாம். குருவானவர் மயங்கினாலும் மற்றொரு குருவானவர் பக்கத்திலே நிற்கின்றார். லிஸ்கொவ் அம்மையாருக்கு 2008ஆம் ஆண்டுக்குரிய ரூரிங் விருது வழங்கப்பட்டபொழுது, நிரலாக்க மொழிகளோடு பரவிய கணிப்புக்கு அவர் ஆற்றிய பணியும் சேர்த்தே போற்றப்பட்டது.

அதே 1988ஆம் ஆண்டிலே லிஸ்கொவ்வும் லியூபா ஷ்ரீராவும் சிறியதொரு கருத்தை வெளியிட்டனர். தொலைவிலுள்ள காவலனை அழைத்துவிட்டு விடைக்காக வாளா காத்திராமல், பின்னர் தரப்படும் என்ற ஒரு வாக்குறுதியைக் கையிலே வாங்கிக்கொண்டு நிரல் மேலே செல்லலாம். விடை வேண்டிய இடத்திலே வாக்குறுதியை நீட்டிப் பெற்றுக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டிலே ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலை, வாக்குறுதி என்ற அதே ஆங்கிலப் பெயரோடு இத்தகைய அமைப்பொன்றை ஏற்றுக்கொண்டது. இன்று இணையப் பக்கம் ஒன்று தொலைவிலுள்ள கணினியிடம் ஏதேனும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் வேளையிலே, பெரும்பாலும் அப்படியொரு வாக்குறுதி அதன் கையிலே இருக்கின்றது.